வளர்த்த பள்ளியும் வாங்கிய பள்ளியும்

(மந்தாரக்குப்பத்தில் தமிழன்பர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மண்ணின் மேல் வாழ்பவன் ஒருவன். மண்ணுக்கடியில் இருப்பதை அள்ளிச் செல்பவன் மற்றொருவன். மந்தாரக்குப்பத்தில் நின்றுகொண்டு இதனை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. 1956-இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. அன்று தொடங்கி, முந்திரித் தோப்பும் கொல்லைப் புன்செயும் இருந்த இடங்களில் மேல்மண் அகழப்பட்டு மலைமலையாய்க் குவிந்தது. கீழிருந்த கரி அனல்மின் நிலையத்துக்குச் சென்றது. அங்குப் பிறந்த மின்னாற்றல் கருநாடகத்துக்கும் கேரளத்துக்கும் ஆந்திரத்துக்குங்கூடச் சென்றது. எரிகின்ற விளக்கு எதன் அடியிலும் நிலங்கொடுத்த சிற்றூரின் பெயர் எழுதப்பெறவில்லை.

இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் நிலக்கரியன்று. பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டு. ஆயினும் அகழ்ந்தெடுக்கும் முறை இரண்டிலும் ஒன்றே ஆதலால், இவ்வூர் மக்களுக்கு அது மற்றவரினும் விரைவில் விளங்கும்.

பள்ளிக் கல்வித்துறை ஆண்டுதோறும் பாரதியார் நாள், குடியரசு நாள் ஆகியவற்றின் பெயரால் விளையாட்டுப் போட்டிகளை நடத்துகின்றது. முதலிற் குறுவட்டம், அதில் வென்றவர்க்கு வருவாய் மாவட்டம், அதிலும் வென்றவர்க்கு மாநிலம். பதினான்கு, பதினேழு, பத்தொன்பது அகவைக்கு உட்பட்டோர் எனப் பிரிவுகள் உண்டு. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, கட்டணப் பள்ளி என்ற பிரிவு மட்டும் இல்லை. அனைவரும் ஒரே களத்தில், ஒரே கோட்டில், ஒரே ஊதலுக்கு ஓடுகின்றனர். "பின்னர் என்ன குறை? ஓடுகின்ற கால் எந்தப் பள்ளிக் கால் என்று நடுவர் பார்க்கின்றாரா?" என்று கேட்பார் பலர். கேட்பவருள் நல்லவரும் உளர். அவர்க்கு விடை சொல்லியாக வேண்டும்.

முதலில், இப்போட்டிகளில் வெல்வதும் தோற்பதும் வெறும் கோப்பையோடும் நிழற்படத்தோடும் முடிவன அல்ல என்பதை அறிதல் வேண்டும். 1954-இல் நிறுவப்பெற்ற இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டிகளில் மாநிலத்தின் சார்பில் ஆடிய பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைக்கின்றது. நடுவணரசுப் பணிகளுக்கு விளையாட்டாளர் தரவேண்டிய சான்றுப் படிவங்களுள் நான்காவது இதற்கெனவே அமைந்தது. தமிழ்நாட்டரசுப் பணிகளில் விளையாட்டாளர்க்கு 3 விழுக்காடு ஒதுக்கப்பெற்றது. பொறியியற் கல்லூரிகளில் 500 இடங்களும் மருத்துவப் பட்டப்படிப்பில் 7 இடங்களும் விளையாட்டுச் சான்றிதழ் உடையார்க்கு எனக் குறிக்கப்பெற்றன. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாநில அளவில் தனியாள் வெற்றிக்கு முதற்பரிசு 1,00,000 உரூபா. கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்கு இச்சான்றிதழ், வேறு எவ்வழியாலும் திறவாத கதவின் திறவுகோல். அக்கதவின் முன்தான் ஒரே கோடு போடப்பட்டிருக்கின்றது.

கோடு ஒன்றுதான். கோட்டுக்கு வந்து சேர்ந்த வழி ஒன்றா?

அரசுப் பள்ளியின் உடற்கல்வி நிலையைப் பாருங்கள். 2012-ஆம் ஆண்டு உடற்கல்வி, ஓவியம், தையல், கணினி முதலியவற்றுக்கென 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் திங்களுக்கு 5,000 உரூபா ஊதியத்தில் அமர்த்தப்பட்டனர். கிழமைக்கு மூன்று அரைநாள் பணி. அவ்வூதியம் படிப்படியாக ஏறி 2024-இல் 12,500 உரூபாவைத் தொட்டது. மேத் திங்களில் ஊதியமே இல்லை என்பது அவர்தம் நெடுநாள் முறையீடாக இருந்தது. கோடை விடுமுறையே விளையாட்டுப் பயிற்சிக்கு ஏற்ற காலம் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். அந்தத் திங்களில் பயிற்றுவிப்பவரின் அடுப்பில் பூனை உறங்கினால், திடலில் யார் நிற்பார்? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் ஆடுகளம் வேண்டும் என்று எழுதிவைத்தது. எழுத்து இருக்கின்றது, களம் பல ஊர்களில் நெல் காயவும் பந்தல் போடவும் பயன்படுகின்றது. 2024-இல் 12,000-க்கு மேற்பட்ட ஊராட்சிகளுக்கு 33 வகைக் கருவிகள் அடங்கிய விளையாட்டுத் தொகுப்பை மாநில அரசு வழங்கியது. நல்ல செயலே. ஆனால் பந்து தானே பிள்ளைக்குக் கற்பித்துவிடாது.

இனிச் சடுகுடுவை எடுத்துக்கொள்க. தமிழ்மண்ணின் விளையாட்டு, ஏழையின் விளையாட்டு. குச்சியால் மண்ணில் ஒரு கோடு கிழித்தால் களம் அமைந்துவிடும். மூச்சும் தொடையும் துணிவுமே முதலீடு. அரசுப் பள்ளிப் பிள்ளை எவனுக்கும் அஞ்சாமல் நின்ற களம் அது. அதன் பெயர் முதலிற் போயிற்று. "கபடி" என்றே சான்றிதழில் அச்சாகின்றது. பெயர் போனதோடு நிற்கவில்லை, மண்ணும் போயிற்று. பெரிய போட்டிகள் இன்று இழைம விரிப்பின் மேல் நடக்கின்றன. விரிப்பில் வெறுங்காலால் ஆட இயலாது. அதற்குரிய காலணி வேண்டும். மண்ணிற் சறுக்கி வாங்கும் பிடி விரிப்பில் வழுக்கும். மண்ணிற் கற்ற கால் விரிப்பிற் பாய்ந்தால் முழங்கால் திரும்பிக்கொள்ளும். விரிப்பின் விலையோ சிற்றூர்ப் பள்ளி நினைத்துப் பார்க்கவும் இயலாதது. ஆதலால் குறுவட்டம் வரை மண்ணிலே வென்று வந்த பிள்ளை, பெரிய களத்திற்குப் போன அன்றுதான் விரிப்பை முதன்முதலாக மிதிக்கின்றான். எதிரணிப் பிள்ளை அதன்மேலேயே ஓராண்டு உருண்டு பழகியவன். ஊதல் ஒன்றுதான், நடுவர் நேர்மையானவர்தாம், ஆயினும் முதல் ஐந்து நொடியிலேயே ஆட்டம் யாருக்கு என்பது தெரிந்துவிடுகின்றது.

சடுகுடுவிலேயே இந்நிலை என்றால், நீச்சலுக்குக் குளமும் துப்பாக்கிச் சுடுதலுக்குத் துப்பாக்கியும் வாட்போருக்கு உடையும் சக்கரச் சறுக்குக்குச் சறுக்குக் காலணியும் வேண்டிய ஆட்டங்களைப் பற்றிப் பேசுவானேன்? அவற்றிலே போட்டியிடுவோர் தொகை சிறிது. சிறு தொகையுள் முதல்வராவது எளிது. சடுகுடுவில் ஆயிரம் பள்ளிகளைக் கடந்து வந்தவன் வாங்கும் சான்றிதழும், விரல்விட்டு எண்ணத்தக்க போட்டியாளரைக் கடந்து வந்தவன் வாங்கும் சான்றிதழும் அதே நான்காம் படிவமே. இதனைச் சுட்டிக் காட்டுவோர் அரியர்.

இவ்விடத்தில் நடுநிலையோடு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தனியார் பள்ளி என்றாலே பளிங்குக் குளமும் பச்சைப் புல்வெளியும் என்று எண்ணிவிடல் ஆகாது. மூன்றடுக்குக் கட்டடத்தில் ஆயிரம் பிள்ளைகளை அடைத்து, காலை வணக்கத்துக்குக்கூட இடமில்லாமல் நடக்கும் ஆங்கிலவழிப் பள்ளிகள் எத்துணையோ உள. அங்கே உடற்கல்விப் பாடவேளை கால அட்டவணையில் மட்டும் வாழ்கின்றது. அதைக் கணக்காசிரியர் எடுத்துக்கொள்வார். அடுத்த கிழமை அறிவியலாசிரியர். உண்மையை மறைப்பானேன், தமிழாசிரியரும் எடுத்துக்கொள்வதுண்டு. இந்தப் பறிப்பில் மட்டும் அரசுப் பள்ளிக்கும் கட்டணப் பள்ளிக்கும் வேறுபாடு ஏதுமில்லை. நூறாண்டுக்கு மேலாகத் தமிழ்வழியே கற்பித்து, திடலும் காத்து, ஏழைப் பிள்ளைகளை ஆளாக்கிய உதவிபெறும் பள்ளிகளும் தனியார் நடத்துபவைதாம். அவற்றை இக்குற்றச்சாட்டுக்குள் இழுப்பது முறையன்று.

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வெல்வதில்லை என்பதும் இல்லை. சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன், சிறு அகவையில் பேருந்து ஏறிக் கால் சிதைந்த பிள்ளை. அவரைத் திடலுக்கு அழைத்தவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரே. 2016-இல் இரியோ நகரில் நடந்த மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் பொன் பெற்றார்; அடுத்த இரண்டு ஒலிம்பிக்குகளிலும் வெள்ளியும் வெண்கலமும் பெற்றார். 2025-இல் பகரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் பொன் வென்ற சடுகுடு அணியில் ஆடிய கார்த்திகா, சென்னையின் நடுப்பகுதியிலிருந்து பெயர்த்துக் குடியமர்த்தப்பட்ட ஏழை மக்கள் வாழும் கண்ணகி நகரின் மகள். பெயர்த்துக் குடியமர்த்தப்படுதல் என்னவென்று நெய்வேலிச் சுற்று வட்டாரத்துக்குத் தெரியும். எனவே ஆற்றலில் குறையில்லை. வசதிக் குறைவுகூட முழுக் கரணியமன்று. குறைந்த வசதியோடும் வெல்பவர் வெல்கின்றனர். அவ்வாறு வெல்லத் தொடங்கியபின் என்ன நேர்கின்றது என்பதே இவ்வுரையின் மையம்.

இவ்வட்டாரத்துப் பிள்ளை ஒருவனை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. தந்தை ஒப்பந்தக் கூலி. ஆறாம் வகுப்பில் அவன் ஓடுவதைக் கண்டு, பகுதிநேர ஆசிரியர் ஒருவர் தம் கைப்பொருளில் அவனுக்குக் காலணி வாங்கித் தருகின்றார். விடியலில் வந்து நின்று ஓட வைக்கின்றார். குறுவட்டத்தில் வெல்கின்றான். மாவட்டத்தில் வெல்கின்றான். அன்று மாலையே திடலின் ஓரத்தில் ஒருவர் வந்து, பிள்ளையின் தோளிற் கை வைத்து, "தம்பி, அப்பா என்ன வேலை செய்கின்றார்?" என்று கேட்கின்றார். பத்து நாளில் வீட்டுக்கே வருகின்றார். கட்டணம் இல்லை, விடுதி இல்லை என்ற கவலை இல்லை, நாள்தோறும் முட்டை, பால், புதுக் காலணி, ஆங்கிலவழிக் கல்வி. அந்தக் கடைசிச் சொல்லில்தான் தாய் மயங்குகின்றாள். ஆனித் திங்களில் மாற்றுச் சான்றிதழ் எழுதப்படுகின்றது. அடுத்த ஆண்டு அதே குறுவட்டப் போட்டியில், அதே கோட்டில், வேறு நிறச் சட்டையில் அவன் நிற்கின்றான். அவனை வளர்த்த பள்ளி அவனிடமே தோற்கின்றது. மறுநாள், வாங்கிய பள்ளியின் வாயிலில் பெரிய பதாகை தொங்குகின்றது. அதைக் கண்டு புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கு இவன் ஓடிய ஓட்டத்தின் விளைவு.

பிள்ளையைக் குறை சொல்வார் கல்நெஞ்சர். பெற்றோரைக் குறை சொல்வதும் அறமன்று. வயிற்றுக்குச் சோறும் பிள்ளைக்குப் படிப்பும் தருகின்றேன் என்று ஒருவர் வாயிலில் வந்து நிற்கும்போது, "தமிழ்வழிப் பள்ளியின் பெருமை காக்க வேண்டும், மாட்டேன்" என்று சொல்லும்படி ஒரு கூலித் தொழிலாளியைக் கேட்பதற்கு யாருக்கு உரிமை உண்டு? ஆனால் அந்தப் பெற்றோர்க்குச் சொல்லப்படாத ஒரு கணக்கு இருக்கின்றது. திடலோரத்தில் வந்தவர் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பேரம் முடிந்திராது.

அக்கணக்கு இது. 2020-இல் தமிழ்நாடு சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்றவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. அவ்வாறு பொறியியல் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றும் அறிவிக்கப்பெற்றது. ஒன்பதாம் வகுப்பில் கட்டணப் பள்ளிக்கு மாறிய பிள்ளைக்கு அந்தக் கதவு அன்றே மூடிவிடுகின்றது. அடுத்தது, தமிழ்வழியிற் பயின்றார்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை. 2010-இல் வந்த அச்சட்டம் 2020-இல் திருத்தப்பெற்று, பட்டப்படிப்பு மட்டும் தமிழ்வழியில் இருந்தாற் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியிலேயே இருத்தல் வேண்டும் என்றாயிற்று. ஆங்கிலவழிக்கு மாறியவன் அதையும் இழக்கின்றான். அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி செல்லும் பெண்பிள்ளைக்குத் திங்கள்தோறும் 1,000 உரூபா தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இலும், ஆண்பிள்ளைக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கப்பெற்றன. கட்டணப் பள்ளிக்குப் போனவன் அவற்றையும் இழக்கின்றான்.

எனவே முட்டையும் பாலும் விலையின்றி வரவில்லை. அவற்றின் விலை இத்துணை. விளையாட்டுச் சான்றிதழ் கிடைத்தாலாவது கணக்கு நேராகும். கிடைக்குமா என்பது கணுக்காலைப் பொறுத்தது. பதினாறாம் அகவையில் தசைநார் கிழிந்தால் என்ன ஆகும்? அடுத்த ஆண்டு விடுதியில் அவனுக்கு இடமுண்டு என்று எழுதிக் கொடுத்தவர் எவர்? எட்டாண்டு தமிழ்வழியிற் பயின்று, ஒன்பதாம் வகுப்பில் திடுமென ஆங்கிலவழியில் அமர்த்தப்பட்டு, காலையும் மாலையும் பயிற்சியில் களைத்து, வகுப்பின் கடைசி வரிசையிற் கண்ணயரும் பிள்ளைக்குப் பாடம் எப்படி ஏறும்? தாய்மொழியிற் கேட்டால் விளங்கும் அறிவியல் அயன்மொழியில் இரைச்சலாகவே காதில் விழும். பள்ளிக்கு அவன் கால் வேண்டும்; அவன் தலை வேண்டுவதில்லை.

இதற்குத் தீர்வு என்ன? "அரசுப் பள்ளிகளுக்கெனத் தனிப் போட்டி, தனிக் கோப்பை வைத்துவிடலாம்" என்பார் சிலர். அதற்கு முன்மாதிரியும் காட்டுவர். 2022-இல் தொடங்கிய கலைத்திருவிழா அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கெனவே நடத்தப்பட்டது. பல்லாயிரம் பிள்ளைகள் மேடை ஏறினர். விளையாட்டிலும் அவ்வாறே செய்தால் என்ன? இதை எதிர்ப்போர், "விளையாட்டைப் பிரிக்கலாகாது" என்று உரக்கச் சொல்கின்றனர். அவர்கள் ஒன்றை மறைக்கின்றனர். பிரிவினை ஏற்கெனவே இருக்கின்றது. பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் நாட்டளவிலான போட்டிகளுக்கு நடுவண் இடைநிலைக் கல்வி வாரியப் பள்ளிகள் தனி அணி அனுப்புகின்றன; கேந்திரிய வித்தியாலயங்கள் தனி அணி அனுப்புகின்றன; நவோதயப் பள்ளிகளும் தனி அணி அனுப்புகின்றன (தமிழ்நாட்டில் நவோதயப் பள்ளி இல்லை; இருமொழிக் கொள்கையின் நற்பேறு). தில்லிப் பாடத்திட்டத்தில் பயிலும் பணக்காரப் பிள்ளைக்குத் தனி வாயில் ஒன்று உண்டு. சிற்றூர்த் தமிழ்வழிப் பிள்ளைக்கு மாநில அணி என்ற ஒரே வாயில், அதிலும் கூட்டம்.

ஆயினும் தனிக் கோப்பை என்பதில் ஓர் இழிவு ஒளிந்திருக்கின்றது. தனிப் பந்தியில் இலை போட்டுப் பழகிய நாடு இது. "அரசுப் பள்ளிக் கோப்பையில் வென்றவன்" என்றால், "அப்படியா, அதில் மட்டுமா?" என்று கேட்கும் வாய்கள் நாளை தோன்றும். பெரியவடகம்பட்டிப் பிள்ளை உலகத்தோடு போட்டியிட்டு வென்றான். ஒதுக்கப்பட்ட திடலில் அன்று.

பிற நாடுகள் இச்சிக்கலை எவ்வாறு கையாண்டன என்பது கருதத்தக்கது. அமெரிக்க மாநிலங்களில் உயர்நிலைப் பள்ளி விளையாட்டு பெருந்திருவிழா. அங்கே பொதுப்பள்ளி தன் எல்லைக்குள் குடியிருக்கும் பிள்ளைகளையே சேர்க்கும். தனியார் பள்ளிக்கு எல்லையில்லை. எனவே தெக்சாசு மாநிலத்தில் இரண்டுக்கும் பெரும்பாலும் தனித்தனிக் கழகங்கள். அலபாமா 1999-இல் வேறு வழி கண்டது: தனியார் பள்ளியின் மாணாக்கர் தொகையை 1.35 ஆற் பெருக்கி, அதற்கேற்பப் பெரிய பள்ளிகளோடு மோதச் செய்தது. இல்லினாய்சு 2005-இல் 1.65 ஆற் பெருக்கியது. கணக்கு அழகாகத்தான் இருக்கின்றது. ஆனால் ஆள் பிடிப்பதைக் கணக்கு தடுக்காது.

தென்னசி மாநிலத்தின் செய்தியே இங்குக் கற்கத்தக்கது. அங்குள்ள பிரெண்டுவுட்டு என்னும் தனியார் பள்ளியின் கால்பந்துப் பயிற்சியர், இன்னும் பள்ளியிற் சேர்ந்து வகுப்புக்கு வராத எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பயிற்சிக்கு வருமாறு மடல் எழுதினார். ஆள் பிடித்தலைத் தடுக்கும் நெறியை மீறியதாக மாநிலப் பள்ளி விளையாட்டுக் கழகம் 1997-இல் அப்பள்ளிக்கு 3,000 தாலர் ஒறுப்புத் தொகை விதித்தது. ஈராண்டு இறுதிச் சுற்றுப் போட்டிகளில் ஆடத் தடை விதித்தது. பள்ளி வழக்காடியது. வழக்கு நாட்டின் உச்சமுறைமன்றம் வரை ஏறிற்று, ஒரு முறையன்று, இரு முறை. 2001-இல், அக்கழகம் தனியார் சங்கம் போலத் தோன்றினாலும் அரசின் கையாகவே செயற்படுகின்றது, எனவே அரசமைப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்று தீர்ப்பாயிற்று. 2007-இல், "மடல் எழுதுவது எங்கள் பேச்சுரிமை" என்ற பள்ளியின் வாதத்தை மன்றம் ஏற்கவில்லை. விரும்பி ஒரு கழகத்திற் சேர்ந்தவர் அதன் நெறிக்குக் கட்டுப்படத்தான் வேண்டும் என்றது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு மடல் எழுதியதற்கே அங்குப் பத்தாண்டு வழக்கு. இங்கே வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேரம் பேசலாம், கேட்பாரில்லை.

கேளாமல் விட்டால் எங்குப் போய் முடியும் என்பதற்கு இங்கிலாந்து சான்று. அந்நாட்டுப் பிள்ளைகளுள் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரே கட்டணப் பள்ளிகளில் பயில்பவர். 2016 இரியோ ஒலிம்பிக்கில் அந்நாட்டுக்குப் பதக்கம் பெற்றவருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் அப்பள்ளிகளிலிருந்து வந்தவர். அங்கே உதவித்தொகை தந்து ஆட்டக்காரப் பிள்ளைகளை இழுத்துக்கொள்ளும் வழக்கம் நெடுநாளாக உள்ளது.

ஆகவே பிரிக்க வேண்டியது திடலையன்று. வளர்த்தவனுக்கும் வாங்கியவனுக்கும் இடையே ஒரு வேறுபாட்டை நெறியில் எழுத வேண்டும். செய்யத்தக்கது கடினமானதன்று. எட்டாம் வகுப்புக்குப் பின், குடும்பம் குடிபெயராமல், அரசுப் பள்ளியிலிருந்து கட்டணப் பள்ளிக்கு மாறிய ஆட்டக்காரப் பிள்ளை, தனியாள் போட்டிகளில் முதல் நாளிலிருந்தே கலந்துகொள்ளட்டும். அவன் வாழ்வைத் தடுக்கக் கூடாது. ஆனால் ஓராண்டுக்கு அவனைப் புதிய பள்ளியின் குழு ஆட்ட அணியிற் சேர்த்தலாகாது. அவன் பெறும் புள்ளி புதிய பள்ளியின் ஒட்டுமொத்த வெற்றிக் கணக்கில் ஏறலாகாது. அது வளர்த்த பள்ளியின் கணக்கில் ஏறட்டும். தடை பிள்ளைக்கன்று, கோப்பைப் பசிக்கு. பதாகை கட்டுவதற்குப் பயன்படாத பிள்ளையை எவர் தேடிவருவார் என்று கேட்கலாம். தேடி வாராவிட்டால், அவர்கள் தேடியது பிள்ளையின் நலனை அன்று என்பது வெளிப்படும். அப்பொழுதும் தேடிவந்து சேர்த்துக்கொள்வார் உளராயின், அவர் உண்மையான கொடையாளர். அவரை வணங்கி வரவேற்கலாம்.

"யார் எங்குப் படித்தான் என்பதை எவ்வாறு அறிவது?" என்பது வெறும் சாக்கு. தமிழ்நாட்டிற் பள்ளியிற் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி எண் கொடுத்து, அவன் பயின்ற பள்ளிகளைக் கல்வித்துறை கணினியிற் பதிந்து வைத்திருக்கின்றது. ஒரு விரலால் தட்டினால் தெரியும்.

அத்தோடு, விளையாட்டுச் சான்றிதழ் வழிக் கிடைக்கும் கல்லூரி இடங்களிலும் 7.5 விழுக்காட்டுக் கொள்கையின் பொருள் முழுமையாக நுழைய வேண்டும். சமமற்ற வளர்ப்பில் வந்தவரைச் சமத் தேர்வில் நிறுத்துவது நேர்மையன்று என்பதே அக்கொள்கையின் வேர். சென்னை உயர்முறைமன்றம் 2022-இல் அச்சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. தேர்வுத் தாளுக்குப் பொருந்தும் அறம் ஓடுகளத்துக்குப் பொருந்தாது என்று எவர் சொல்லக்கூடும்? முழுநேர உடற்கல்வி ஆசிரியர், வட்டத்துக்கொரு பொது விரிப்புக் களம், மேத் திங்களுக்கு ஊதியம் ஆகியவை பழைய கோரிக்கைகள், அவற்றைக் கைவிடுவதற்கில்லை. ஆனால் பிடித்துச் செல்வதைத் தடுக்காமல் வளர்ப்பதற்கு மட்டும் பொருள் கொட்டுவது, ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதாகும். சிறந்த ஆசிரியர் வந்தால் சிறந்த பிள்ளைகள் உருவாவர். உருவான கையோடு அவர்களைக் கொண்டுசெல்ல ஊர்தி வந்து வாயிலில் நிற்கும்.

இவை சட்டமாகும் வரை பெற்றோர் சும்மா இருக்க வேண்டுவதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மையர். ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் மாவட்ட அளவில் வென்ற பிள்ளைகளின் பெற்றோரை ஆண்டிறுதித் தேர்வுக்கு முன்பே அழைத்து, 7.5 விழுக்காடும் 20 விழுக்காடும் ஆயிரம் உரூபாவும் என்னென்ன என்பதைத் தாளில் எழுதிக் காட்டலாம். திடலோரத்தில் வந்தவர் வருவதற்கு முன் அத்தாள் அவ்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அவர் வந்து அமர்ந்து, மோரும் குடித்து, முட்டையையும் பாலையும் எண்ணிக் காட்டிய பின், தாய் ஒன்று கேட்கட்டும்: "பிள்ளைக்குக் கால் முறிந்தாலும் பன்னிரண்டாம் வகுப்பு முடிய விடுதியில் வைத்துக்கொள்வோம், தமிழ்வழியிலேயே படிக்க வைப்போம் என்று பள்ளி முத்திரையோடு எழுதித் தருகின்றீர்களா, ஐயா?"

எழுதித் தந்தால் அப்போது எண்ணிப் பார்க்கலாம்.